என்னிடம் வேலை கற்றவனிடம் எப்படிக் கேட்பது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 46 வயது. ஓர் உற்பத்தி நிறுவனத்தில் கொள்முதல் பிரிவின் தலைவராக இருந்தேன். நிர்வாகம் கைமாறியபோது பிரிவையே கலைத்துவிட்டார்கள். சென்ற ஆண்டு இறுதியிலிருந்து இணையதளங்களில் விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்குப் பதில்கூட வருவதில்லை.

என் கீழ் வேலை பார்த்த ஒருவன் இன்று வேறொரு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். தெரிந்தவர் ஒருவர் சொன்னதற்காக நான்தான் அவனை வேலைக்கு எடுத்தேன். விலைப்புள்ளியை எப்படிப் படிப்பது என்பதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. "அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்று மனைவி சொல்லாத நாளில்லை. செய்தியை எழுதுகிறேன், அழித்துவிடுகிறேன். என் முன்னால் உட்காரவே தயங்கியவனிடம் போய் நிற்பதா? சிபாரிசில் வந்தவர் என்ற பெயரும் எனக்கு வேண்டாம்.

உறவினர்களிடமும் நண்பர்களிடமும், வேலையை நானே விட்டுவிட்டதாகவும் சொந்தத் தொழில் தொடங்கப் போவதாகவும் சொல்லி வைத்திருக்கிறேன். நாலு பேர் கூடும் இடத்துக்கு இப்போது போவதே இல்லை. சேமிப்பு கரைகிறது. இரவில் தூக்கம் பிடிப்பதில்லை. பிழைக்க வேண்டுமென்றால் தன்மானத்தை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரிந்தவர் ஒருவர் சொன்னதற்காக அவரை வேலைக்கு எடுத்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவரும் சிபாரிசில் வந்தவர்தானே? அதற்காக அவரை நீங்கள் மட்டமாக நினைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் தெரியவில்லை. வளர்த்துவிட்ட பெருமிதம்தான் தெரிகிறது. யாரோ சொன்ன ஒரு சொல் அவரை உள்ளே கொண்டுவந்தது. அதன்பிறகு அவருடைய உழைப்பு அவரை நிலைநிறுத்தியது. உங்களுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

கேட்பது உங்களுக்குப் பழக்கமில்லாத காரியம் என்றும் சொல்ல முடியாது. விலையைக் குறைக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் கேட்டவர் நீங்கள். அப்போது நாற்காலி உங்கள் பக்கம் இருந்தது, இப்போது எதிர்ப்பக்கம் இருக்கிறது. உறுத்துவது இந்த இடமாற்றம்தான். அது வலிக்கும். வலிக்காது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் வலிப்பதாலேயே அது அவமானம் ஆகிவிடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தச் 'சொந்தத் தொழில்' கதை. பொய் சொன்னீர்கள் என்று குறை சொல்ல வரவில்லை. அடிபட்ட நேரத்தில் பலரும் இப்படி ஒரு திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். அதற்கான விலையைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி உங்கள் நண்பர் காதில் விழுந்தால், அவர் உங்களை நினைக்கவே மாட்டார். தொழில் தொடங்கப் போகிறவரிடம் வேலையைப் பற்றி யார் பேசுவார்கள்? "தொழில் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டேன், என் துறையிலேயே வேலை தேடுகிறேன், காதில் விழுந்தால் சொல்லுங்கள்" என்றால் போதும். முழுக்கதையையும் எல்லோரிடமும் ஒப்பிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அந்த ஒருவர் மேலேயே எல்லா எடையையும் ஏற்றாதீர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று சமூகவியலில் மிகவும் புகழ்பெற்றது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100க்கு 17 பேர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது அபூர்வமாகச் சந்தித்தவர்கள் மூலமே வேலையைப் பற்றி அறிந்திருந்தார்கள். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். எட்ட இருப்பவர்களுக்கு வேறு உலகம் தெரியும். உங்களுக்குச் சரக்கு விற்ற விற்பனைப் பிரதிநிதிகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கொள்முதல் அறையிலும் யார் விலகினார், எந்த நாற்காலி காலி என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் அவர்கள், அதனால் அங்கேயும் கூசும். இருந்தாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மறுத்துவிடுவார்கள் என்ற பயம் பெரும்பாலும் மிகையானது. ஃபிராங்க் ஃப்ளின், வனெஸ்ஸா லேக் என்ற ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களிடம் வினாத்தாள் ஒன்றை நிரப்பித் தரக் கேட்கும்படி மாணவர்களை அனுப்பினார்கள். ஐந்து பேர் சம்மதிக்க, 20 பேரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்கள் கணித்தார்கள். நடந்ததோ, அதில் ஏறக்குறைய பாதிதான். வேலைக்கு உதவுவது வினாத்தாள் நிரப்புவதைவிடப் பெரிய காரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் முன்னாள் உதவியாளர் ஒன்றும் முகம் தெரியாதவர் இல்லையே.

"ஏதாவது வேலை இருந்தால் சொல்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் கையில் காலியிடம் இல்லையென்றால் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் மௌனமாகிவிடுவார், நீங்கள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வீர்கள். சிறிதாக, குறிப்பாகக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"எப்படி இருக்கிறாய்? எங்கள் பிரிவைக் கலைத்துவிட்டார்கள், புதிய வேலை தேடுகிறேன். இப்போது கொள்முதல் பணிக்கு ஆள் எடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று உன்னிடம் கேட்க வேண்டும். இந்த வாரம் ஒரு இருபது நிமிடம் பேச முடியுமா? வேலை அதிகமென்றால் பரவாயில்லை, பிறகு பேசலாம்."

அவரை ஒருமையில் அழைத்துப் பழகியிருந்தால் அப்படியே எழுதுங்கள். திடீரென்று முளைத்த 'நீங்கள்' அவரைத்தான் சங்கடப்படுத்தும். பேசும்போது பழைய உபகாரத்தை நினைவூட்ட வேண்டாம். அவருக்கே நினைவிருக்கும், நீங்கள் எடுத்துச் சொன்னால் கடனை வசூலிக்க வந்ததுபோல் ஆகிவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள்.

தன்மானத்தை விட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்பவர்களிடமும், உங்கள் அனுபவத்தைப் பாதி விலைக்குப் பேசுபவர்களிடமும் அதை உறுதியாகக் காட்டுங்கள். மனைவியிடம் காட்ட வேண்டாம். செய்தியை அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

தூக்கமின்மையைக் கடைசி வரியில் ஒதுக்கியிருக்கிறீர்கள். அது வாரக்கணக்கில் நீடித்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.