கோபத்தின் விலாசம்

அன்புள்ள ஐயா,

விளையாட்டைப் பற்றி உங்களிடம் கேட்கலாமா என்று தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

வேலைக்காக இங்கிலாந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கணக்குத் தணிக்கை வேலை. வந்த புதிதில் பொழுது போகாமல் பக்கத்தில் இருந்த கால்பந்து மைதானத்துக்குப் போனேன். நான்காம் அடுக்கில், அதாவது லீக் டூவில் ஆடும் அணி. பெரிய அணிகளின் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம், இங்கே நேரே போய் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான் காரணம். அப்புறம் அதுவே பழக்கமாகி சீசன் டிக்கெட் வரை வந்துவிட்டது.

இந்த சீசனில் கடைசிப் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது இடம். மேனேஜரை ஒரு முறை மாற்றியாகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை இரவு வெளியூரில் ஆட்டம், பஸ்ஸில் நாலு மணி நேரம். 3-0 என்று தோற்றோம். முடிந்ததும் ஆட்டக்காரர்கள் எங்கள் பக்கம் வந்து கைதட்டினார்கள். வந்ததற்கு நன்றி சொல்லும் வழக்கம் அது. எங்கள் ஆட்கள் எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டம் ஆடும் பையன் எனக்கு நேரே நின்றான். பெரிய கிளப் ஒன்றிலிருந்து லோனில், அதாவது இரவலாக வந்தவன், பத்தொன்பது வயது. "நீயெல்லாம் எதுக்குடா ஆட வந்தே?" என்று கத்திவிட்டேன், தமிழில். ஒன்பது வருடத்தில் அந்தக் கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. அவன் என்னையே பார்த்தான். ஏதோ நல்லதாகச் சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, என்னைப் பார்த்துத் தனியாக ஒரு முறை கைதட்டிவிட்டுப் போனான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

"காசு கொடுத்து பி.பி.யை வாங்கிட்டு வர்றீங்க" என்கிறாள் மனைவி. ரசிகர்களுக்குள் மைதானத்தைப் புறக்கணிக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. அடுத்த சீசன் டிக்கெட்டை வாங்குவதா, விட்டுவிடுவதா?

க.

அன்புள்ள க.,

அந்தப் பையன் கைதட்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும். நீங்கள் தூக்கம் வராமல் கிடந்த இடத்தில் சிரிக்கவில்லை.

பெரிய அணியின் மைதானத்தில் அறுபதாயிரம் பேர் கத்துவார்கள். ஆட்டக்காரன் காதில் அது வெறும் இரைச்சல். உங்கள் இடத்தில் அப்படி இல்லை. வேலியை ஒட்டி நிற்கிறீர்கள். நீங்கள் சொன்னது அவனுக்குக் கேட்கும், அவன் முகம் போன போக்கு உங்களுக்குத் தெரியும். கீழ் அடுக்குக் கால்பந்தின் சுகமே அந்த நெருக்கம்தான், வலியும் அதுதான். அவன் லோனில் வந்தவன், சீசன் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவான். மற்றவர்களில் பலருக்கு ஒப்பந்தம் ஜூன் 30 வரைக்கும்தான் இருக்கும். 24 அணிகளில் 46 ஆட்டம் முடியும்போது கடைசி இரண்டு அணிகள் லீக்கைவிட்டே வெளியே, ஐந்தாம் அடுக்குக்குப் போகும். உங்களைவிட அவர்களுக்கு அந்தப் பட்டியல் நன்றாகவே தெரியும். அவர்களுடைய பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

பட்டியல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான்காம் அடுக்கின் கடைசி அணி தானாகவே வெளியேற வேண்டும் என்ற விதி 1986-87 சீசனில்தான் வந்தது. அதுவரை அடிமட்ட அணிகளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மற்ற கிளப்புகள் ஓட்டுப் போட்டு முடிவு செய்யும். பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு நமக்கும் இந்தக் கதி வரலாமே! விதி வந்த முதல் வருடம், கடைசி நாள் ஆட்டத்தில் டார்க்கி அணி 2-1 என்று பின்தங்கி இருந்தது. ஒரு போலீஸ் நாய் டார்க்கியின் ஜிம் மெக்நிக்கல் தொடையைக் கடித்துவிட்டது. அவருக்குச் சிகிச்சை செய்த நேரத்தைக் கடைசியில் கூட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் சமன் செய்யும் கோல் விழுந்தது. புள்ளிகள் சமமாக இருந்ததால் கோல் வித்தியாசத்தில் டார்க்கி பிழைத்தது, லிங்கன் சிட்டி வெளியே போனது. நாய் கடித்துப் பிழைத்த கிளப் அது ஒன்றாகத்தான் இருக்கும். அடியிலிருந்து இரண்டாவது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோபத்தில் தப்பில்லை. பன்னிரண்டு ஆட்டம் ஜெயிக்காத அணியைப் பார்த்துக் கோபம் வராவிட்டால்தான் ஏதோ கோளாறு. விலாசம்தான் தப்பு. தோல்வியைப் பார்த்துக் கத்துகிறோம், களத்தில் நிற்பவனைப் பார்த்துக் கத்துகிறோம். கண்ணுக்குத் தெரிகிறவன் அவன்தானே.

பெரி கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1894இலிருந்து லீக்கில் ஆடிய அணி. இங்கிலாந்தின் பழைய நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை 1900இலும் 1903இலும் வென்ற அணி. 2019 வசந்தத்தில் உங்கள் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறியது. அதே ஆகஸ்ட் 27ஆம் தேதி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஜெயிக்கிற அணிதான், ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி, மேலே கடன். அதற்கு முந்தைய டிசம்பரில் ஒரு பவுண்டுக்குக் கைமாறிய கிளப் அது. நீக்கிய அன்று பகலில், புது முதலாளி வந்துவிடுவார் என்று நம்பி ரசிகர்கள் மைதானத்துக்கு வந்து கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று. இரவு செய்தி வந்தது. அந்த சீசன் முழுக்க அவர்கள் ஆட்டக்காரர்களைக் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் கிளப்பின் உயிர் போய்க்கொண்டிருந்தது கணக்குப் புத்தகத்தில்.

புறக்கணிப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சரியாகச் செய்தவர்கள் பிளாக்பூல் ரசிகர்கள். 2010-11இல் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் ஆடிய அணி 2016இல் நான்காம் அடுக்குக்கு விழுந்தது. அவர்கள் ஆட்டக்காரர்கள் மேல் பாயவில்லை. உரிமையாளர் குடும்பம் இருக்கிற வரை ஒரு பென்னி கொடுப்பதில்லை என்று மைதானத்துக்குள் போவதையே நிறுத்தினார்கள். 2017 மே மாதம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளேஆஃப் இறுதி ஆட்டம். பிளாக்பூல் 2-1 என்று ஜெயித்து மேலே ஏறியது. அதற்கும் ஏராளமானவர்கள் போகவில்லை. யோசித்துப் பாருங்கள், உங்களால் முடியுமா? என்னால் முடியாது. வெம்ப்ளி என்றால் கொள்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருப்பேன்.

அந்தக் குடும்பம் வெளியேறியது 2019இல். ஆளில்லாத கேலரியால் மட்டும் அது நடக்கவில்லை. கிளப்பின் பணத்தை வெளியே எடுத்தது பற்றி இன்னொரு பங்குதாரர் போட்ட வழக்கில் நீதிமன்றத் தீர்ப்பும் வர வேண்டியிருந்தது. மார்ச் மாதம் ரசிகர்கள் திரும்பி வந்தபோது மைதானம் நிரம்பி வழிந்தது. சவுத்எண்ட் அணியுடன் 2-2. சமன் செய்த கோல் விழுந்தது கூடுதல் நேரத்தில்.

ஆகவே, பணம் கசிகிறது என்றால் புறக்கணியுங்கள். தோற்கிறார்கள் என்பதற்காக வேண்டாம். பிரீமியர் லீக்குக்கு டி.வி. பணம் கொட்டுகிறது; உங்கள் அடுக்கில் வாசலில் வாங்குகிற டிக்கெட் காசு பெரிய விஷயம். அதை நிறுத்தினால் ஜனவரியில் ஒரு ஸ்ட்ரைக்கர் வாங்கப் பணம் இருக்காது, அப்புறம் ஸ்ட்ரைக்கர் இல்லையே என்று திட்டுவீர்கள்.

அந்த வெம்ப்ளி ஆட்டத்தில் தோற்ற எதிரணி எக்ஸிட்டர் சிட்டி. ரசிகர்களே சேர்ந்து நடத்துகிற கிளப். 2003இல் லீக்கைவிட்டு விழுந்து, கடனில் கிடந்ததை ரசிகர்களின் அறக்கட்டளை கையில் எடுத்தது. 2005இல் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைட்டெடின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் அவர்களுடன் கோலில்லாமல் டிரா செய்தார்கள். மறு ஆட்டத்தில் தோற்றாலும் அதில் வந்த பணம் கடனை அடைக்க உதவியது. ரசிகர்கள் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. அவர்களும் தோற்கிறார்கள். போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள் 2013இல் கிளப்பை வாங்கிக் கடனை அடைத்து, 2017இல் ஓட்டெடுத்து ஒரு அமெரிக்கக் கோடீசுவரருக்கு விற்றுவிட்டார்கள். அதுவும் நியாயமான முடிவுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேலை கேட்கப்போகிறேன். தணிக்கையாளர் என்கிறீர்கள். பிரிட்டனில் கம்பெனிகள் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்குகள் அரசின் கம்பெனிப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸில் இலவசமாகவே கிடைக்கின்றன, உங்கள் கிளப்பினுடையதும் இருக்கும். ஒன்பது வருடமாக ஒரு முறையாவது திறந்து பார்த்தீர்களா? மைதானம் யார் பெயரில் இருக்கிறது, முதலாளி கொடுத்தது முதலீடா கடனா, அந்தக் கடனுக்கு எதை ஈடாக வைத்திருக்கிறார்கள், கணக்கு நேரத்துக்குத் தாக்கல் ஆகிறதா? அந்தக் கூட்டத்தில் இதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகக்கூட இருக்கலாம். படித்துவிட்டு ரசிகர் சங்கக் கூட்டத்தில் நாலு கேள்வி கேளுங்கள், ஆங்கிலத்திலேயே.

டிக்கெட்டை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். கணக்கு சுத்தமாக இருந்து, வெறுமனே மோசமாக ஆடுகிறார்கள் என்றால் வாங்கிவிடுங்கள். பி.பி. மாத்திரை அதைவிடச் சல்லிசுதான் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், எடுபடாது.

லெஃப்ட் பேக் பையன் சீசன் முடியும்வரை இருப்பான் அல்லவா? அடுத்த ஆட்டத்தில் அவன் த்ரோ எறிய உங்கள் பக்கம் வரும்போது மறுபடியும் தமிழில் ஏதாவது கத்துங்கள். அவன் ஏற்கெனவே உங்களை நல்லவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். கணக்கில் என்ன கண்ணில் பட்டது என்று எழுதுங்கள்.