மேல்மண்ணை எங்கே குவிப்பார்கள்?

கேள்வி: நெய்வேலிப் பக்கம் மகன் பெயரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமாம். நான் போய் என்ன கேட்பது?
- ஒரு வாசகி, கல்லல்

பதில்: தாராளமாகப் போங்கள் ஆச்சி, வெறுங்கையோடு வேண்டாம். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். மரம் நடும் படங்களைத் தள்ளிவிட்டு மேல்மண் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். (மண்ணோடு வேலை பார்த்தவன் புத்தி அப்படி.) உங்கள் ஊர்ச் செம்பொறைக் காட்டில் (சிவந்த கெட்டிக் கல்மண் பூமி) மேலே ஒரு சாண் வழித்துவிட்டால் புல்கூட முளைக்கத் திணறுமே, அங்கேயும் அதே கதைதான். வழித்த மண்ணை எங்கே, எவ்வளவு உயரத்துக்குக் குவிப்பார்கள்? மலையாகக் குவித்தால் அடியில் காற்றில்லாமல் மண்ணின் உயிர் போய்விடும். மேலே கொளுஞ்சி, சணப்பு மாதிரி பசுந்தாள் உரச் செடி ஏதாவது விதைப்பார்களா? எத்தனை வருஷத்தில் திரும்பப் பரப்புவார்கள்?

அப்புறம் தண்ணீர். நெய்வேலியில் கரிப்படுகைக்குக் கீழே நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைக்காமல் தோண்ட முடியாது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டக் கணக்கைக் கேளுங்கள்.

போக முடியாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிப் போடுங்கள், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியோடு.