சிலிண்டரில் கேஸ் இருந்தும் தீ சிறுப்பது ஏன்?

கேள்வி: எங்கள் சமுதாயக் கூடத்தில் சமையலுக்கும் வெந்நீருக்கும் புரொப்பேன்தான். 10 கிலோவாட் அடுப்பு மூன்று, 20 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் ஒன்று. எல்லாம் ஒரே 45 கிலோ சிலிண்டரில் ஓடுகின்றன. அனைத்தையும் பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் சிலிண்டர்மேல் உறைபனி படிந்து, தீ சிறுத்துவிடுகிறது. எடை போட்டால் பாதி கேஸ் மிச்சம் இருக்கிறது. கேஸில் கலப்படமா? ரெகுலேட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். நான்கு சிலிண்டர் செய்ய வேண்டிய வேலையை ஒரே சிலிண்டரிடம் வாங்குகிறீர்கள், அதுதான் சிக்கல்.

சிலிண்டருக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. மேலே சேரும் ஆவியைத்தான் அடுப்பு எடுத்துக்கொள்கிறது. எடுக்க எடுக்க, திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஒரு கிலோ ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் தேவை. அது வெளிக்காற்றிலிருந்து சிலிண்டரின் சுவர் வழியாக மட்டுமே உள்ளே போக முடியும். அதைவிட வேகமாக நீங்கள் கேஸை இழுத்தால், திரவம் தன்னிடமுள்ள வெப்பத்தையே செலவழித்துக் குளிர்ந்துபோகும். குளிர்ந்தால் அழுத்தம் விழும்: 20 டிகிரி செல்சியஸில் 7 பாருக்கு மேல் இருப்பது, மைனஸ் 20 டிகிரியில் ஒன்றரை பாருக்கும் கீழே போய்விடும்.

உறைபனியைக் கூர்ந்து பாருங்கள். அது சிலிண்டர் முழுக்கப் படியாது. ஓர் உயரத்தோடு கோடு போட்டதுபோல நிற்கும். அந்தக் கோடுதான் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் திரவ மட்டம். சிலிண்டர் பாதியான பிறகு தொல்லை கூடுவதன் காரணமும் அங்கேயே தெரிகிறது: திரவம் தொடும் சுவர்ப் பரப்பு குறைகிறது, உள்ளே வரும் வெப்பமும் குறைகிறது.

இனி கணக்கு. உங்கள் மொத்தத் தேவை 50 கிலோவாட். ஒரு கிலோ புரொப்பேன் தருவது சுமார் 12.8 கிலோவாட் மணி. ஆக, எல்லாம் முழுவீச்சில் எரியும்போது மணிக்கு 4 கிலோ வரை போகும். 45 கிலோ சிலிண்டர் ஒன்று தொடர்ந்து மணிக்கு 1 கிலோ தரும் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது. வெயில் நாளில் கூடுதலாகத் தரும். ஆனால் குளிர் நாளை மனதில் வைத்துத்தான் அமைக்க வேண்டும். எனவே நான்கு சிலிண்டரை ஒரே மேனிஃபோல்டில் (பல சிலிண்டர்களின் கேஸை ஒரே குழாயில் சேர்க்கும் அமைப்பு) இணைத்து, நான்கின் வால்வையும் ஒருசேரத் திறந்து வையுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து காலி செய்வதில் பயனே இல்லை. சிலிண்டர்களுக்கு இடையே ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். மழைக்குப் பயந்து பலகையால் சுற்றி அடைத்துவிடாதீர்கள். காற்று தடைபட்டால் சிலிண்டருக்கு வெப்பம் வரும் வழியும் போய்விடும். புரொப்பேன் ஆவி காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம் என்பதால், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கட்டடத்துக்கு வெளியே, சாக்கடை வாயோ நிலவறைப் படியோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள்.

ரெகுலேட்டரையும் பார்த்துவிடுங்கள். மணிக்கு எத்தனை கிலோ கடத்தும் என்று அதன்மேல் பொறித்திருப்பார்கள். வீட்டு அடுப்புக்கான சிறிய ரெகுலேட்டர் 4 கிலோவுக்குப் போதாது. பிரித்தறிவது எளிது: சிலிண்டர் உறையாமல், வியர்க்காமல் இருக்கும்போதே, பற்றவைத்த கணத்திலிருந்து தீ மந்தமாக எரிந்தால், கோளாறு ரெகுலேட்டரிலோ குழாயின் விட்டத்திலோ பர்னர் ஜெட்டிலோ (கேஸ் வெளிவரும் சிறு துளை) இருக்கிறது. நன்றாக எரிந்து பிறகு மெல்ல மெல்லச் சிறுத்தால் ஆவியாதல்தான் காரணம். வால்வைச் சட்டெனத் திறந்ததும் தீ சுருங்கினால், மிகை ஓட்டத்தைத் தடுக்கும் பாதுகாப்பு வால்வு மூடிக்கொண்டிருக்கும். அடுப்புக் குமிழ்களையும் சிலிண்டரையும் மூடி, சிறிது பொறுத்து, மெதுவாகத் திறங்கள்.

சிலர் சொல்லும் குறுக்கு வழிகளில் ஆபத்து இருக்கிறது. சிலிண்டரைப் படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் ஏறும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 270 லிட்டர் ஆவியாக விரியும், பர்னரில் தீ ஆளுயரம் எழும்பக்கூடும். சிலிண்டருக்கு அடியில் நெருப்புக் காட்டுவதும் கொதிநீர் ஊற்றுவதும் கூடவே கூடாது. ரெகுலேட்டர் திருகை முடுக்கி அழுத்தத்தைக் கூட்டுவதும் தவறு. சிலிண்டர் மறுபடி சூடானதும் தீ மிஞ்சி எரியும்.

புரொப்பேனோடு பியூட்டேன் கலந்த கேஸ் வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, பியூட்டேனுக்கோ பூஜ்யத்தை ஒட்டி. கலவையில் புரொப்பேன் முந்திக்கொண்டு போக, கடைசியில் பியூட்டேன் மிஞ்சும். குளிரில் அது அசையாது. குளிரும் ஊர் என்றால் தனிப் புரொப்பேனே வாங்குங்கள், அதுவும் புரொப்பேனுக்கென்றே சான்றளித்த சிலிண்டரில் மட்டும்.

மேனிஃபோல்டை உரிமம் பெற்ற ஃபிட்டர்தான் அமைக்க வேண்டும். அவர் போன பிறகு, சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. குமிழி வளர்ந்தால் வால்வை மூடி, வாஷரையும் இணைப்பையும் சரிபாருங்கள். பல சிலிண்டர் இணைப்புகளில் இடப்புரி இருக்கும். இறுக்க இடப்பக்கம் சுற்ற வேண்டும்.

வசதி இருந்தால் இன்னொரு நான்கு சிலிண்டரை எதிர் அணியாக வைத்து, நடுவில், ஓர் அணி தீர்ந்ததும் அடுத்த அணிக்குத் தானாக மாறும் சேஞ்ச்ஓவர் ரெகுலேட்டர் பொருத்துங்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். புரொப்பேன் எத்தனை வருடம் வைத்தாலும் கெடாது, மின்கம்பியை நம்பி இருப்பதுமில்லை. புயலில் மின்சாரம் போன நாளில் ஊருக்கே சோறு பொங்கித் தர உங்கள் கூடத்தால் முடியும். ஹீட்டர் மட்டும் மின்சாரம் இல்லாமலே பற்றும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். ஓர் அணி தீர்ந்ததும் ரெகுலேட்டரின் காட்டி பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். இரண்டாவது அணி ஓடுகிறதே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே நிரப்பச் சொல்லிவிடுங்கள்.