எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள், டொமைனை உங்கள் கையில் வைத்துக்கொண்டு

கேள்வி: சந்தூர் பக்கம் மாங்கன்று நர்சரி நடத்துகிறோம். வெப்சைட்டிலும் ஆர்டர் எடுக்கிறோம். மழை ஆரம்பித்து நடவு சீசன் வந்தால் சைட் திறக்கவே மாட்டேன் என்கிறது. செய்து கொடுத்தவர், “இப்போது ஹார்டு டிஸ்க் சர்வரில் இருக்கிறது. எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினால் சரியாகிவிடும், வருடத்துக்கு 3,500க்குப் பதில் 9,000 ஆகும்” என்கிறார். மாறலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: தாராளமாக மாறலாம். ஆர்டர் எடுக்கும் சைட்டை இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓட்டுவதே தவறு. ஆனால் எஸ்.எஸ்.டி. என்ற பெயருக்காக மட்டும் 9,000 கொடுக்காதீர்கள்.

ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழலும், முள் நகர்ந்து நகர்ந்து தகவலைத் தேடும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க்கே விநாடிக்குச் சுமார் 100 சில்லறைத் தேடல்தான் தாங்கும். உங்களுடையது போன்ற கடையில், அது வூகாமர்ஸ் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) என்றால், ஒரு பக்கம் திறக்கவே டேட்டாபேஸுக்குப் பல டஜன் கேள்விகள் போகும். அதே டிஸ்க்கில் வேறு எத்தனையோ சைட்டுகளும் வரிசையில் நிற்கின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா வகையே விநாடிக்குப் பல்லாயிரம் தேடல் தாங்கும். என்விஎம்இ என்ற வகை அதைவிட வேகம்தான், ஆனால் நர்சரி கடைக்கு சாட்டா போதும்.

இனிதான் விஷயம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரைப் பல சைட்டுகள் பங்கிட்டுக்கொள்வது) ஒவ்வொரு கணக்குக்கும் ‘ஐ.ஓ. லிமிட்’ என்று ஒரு பூட்டு உண்டு. டிஸ்க் விநாடிக்கு 500 எம்.பி. தரக்கூடியதாக இருக்கும், உங்கள் கணக்குக்கு 1 எம்.பி.தான் திறந்துவிட்டிருப்பார்கள். கிணறு நிறையத் தண்ணீர், வாய்க்காலுக்கு அரை இஞ்ச் பைப். ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் போடுபவர்கள் இந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காத இடத்தில் வைக்கிறார்கள். எழுதியே ஆகவேண்டும் என்று கேட்பாரும் இல்லை. சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) நுழைந்து ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ பகுதியைப் பாருங்கள். சீசன் நாளில் ஐ.ஓ. கோடு உச்சவரம்பை முட்டிக்கொண்டு நின்றால், டிஸ்க்கை மாற்றி அதே வரம்பில் வைப்பது வீண்செலவு. புது பிளானில் ஐ.ஓ. எவ்வளவு, சர்வர் எந்த ஊரில் என்று எழுத்தில் கேளுங்கள். சென்னை அல்லது மும்பையாக இருக்கட்டும். அமெரிக்க சர்வர் என்றால் ஒவ்வொரு தகவல் போக்குவரத்துக்கும் சுமார் கால் விநாடி போய்விடும், எந்த எஸ்.எஸ்.டி.யும் அதைக் குறைக்காது.

ஒரு விதிவிலக்கு. விலாசம், போன் நம்பர், நாலு படம் மட்டும் உள்ள சைட்டுக்கு எஸ்.எஸ்.டி. வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அந்தப் பக்கங்களை ஒருமுறை தயாரித்து கேஷில் (தயார்ப் பிரதிகளை வைக்கும் தற்காலிக இடம்) வைத்தால் சர்வர் மெமரியிலிருந்தே போய்விடும், டிஸ்க் பக்கம் போகிற வேலையே இருக்காது. உங்கள் சைட்டிலும் கன்று ரகங்களைக் காட்டும் பக்கங்களுக்கு இது பொருந்தும். ஆனால் கார்ட், செக்-அவுட் பக்கங்களை கேஷ் செய்யக் கூடாது. செய்தால் ஒருவர் கூடையில் போட்டது இன்னொருவருக்குத் தெரிந்துவிடலாம். டிஸ்க் வேகம் உங்களுக்கு வேண்டியிருப்பது அந்த இடத்துக்குத்தான். போனில் எடுத்த 4 எம்.பி. மாமர போட்டோவை அப்படியே ஏற்றியிருந்தால், முதலில் அதை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறையுங்கள். காசு செலவே இல்லாத வேலை.

அடுத்தது டொமைன், அதாவது உங்கள் சைட்டின் பெயர். இடையில் நிற்பவர்கள் பிடித்துவைப்பது சர்வரை அல்ல, பெயரை. டொமைன் வாங்கிய கணக்கு உங்கள் மெயிலில் இருக்கிறதா, அவர் மெயிலிலா? அவருடையது என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கணக்குக்கு மாற்றி வாங்குங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்ணா” என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வருட விலையோடு, இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையையும் ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேளுங்கள்.

எஸ்.எஸ்.டி. சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரேயடியாகப் படுத்துவிடும், அதிலிருந்து தகவலை மீட்பதும் ஹார்டு டிஸ்க்கைவிடக் கடினம். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப் பேக்கப்பே அல்ல. வாரம் ஒருமுறை டேட்டாபேஸையும் படங்களையும் உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள். அதற்குப் பழைய ஹார்டு டிஸ்க் தாராளம்.

மாற்றுவதை சீசனுக்கு முன்பே முடியுங்கள். முந்தின நாளே டி.என்.எஸ். பதிவின் (டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைப்பது) டி.டி.எல்.லை, அதாவது அந்த முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மாற்றும் இரவு கடையை மூடிவைத்துவிட்டு டேட்டாபேஸைப் பிரதி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நேரத்து ஆர்டர்கள் பழைய சர்வரிலேயே தங்கிவிடும். பழைய பிளானை இரண்டு வாரம் கழித்து ரத்து செய்யுங்கள், அதற்கு முன் அங்கிருக்கும் மெயில் பெட்டிகளை இறக்கிக்கொள்ளுங்கள்.