நேப்பிள்ஸில் மூன்று நாள்தான் தங்குகிறோம். அதில் ஒரு நாளை வோமெரோ மலைக்கு ஒதுக்கலாமா?

தாராளமாக ஒதுக்குங்கள். வேலை நிமித்தம் ஓராண்டு நேப்பிள்ஸில் இருந்தேன். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நான் போன இடமே வோமெரோதான்.

கீழ் நகரிலிருந்து ஏறுவதற்கு, கம்பிவடத்தால் மலைச்சரிவில் இழுக்கப்படும் இழுவை ரயில்கள் இருக்கின்றன. கியாயா பாதை 1889இலும் மொந்தேசாந்தோ பாதை 1891இலும் தொடங்கியவை. இன்றும் மக்கள் அலுவலகம் போக அவற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள். மேலே போனதும் எல்லாரும் சாந்தெல்மோ கோட்டைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். கோட்டை மதிலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே நேரத்தைக் கடத்தி, பக்கத்துச் சான் மார்ட்டினோ மடத்துக்கு வந்தபோது வாசலை அடைத்துவிட்டார்கள். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம். காலையில் முதல் வேலையாக மடத்துக்குப் போய்விடுங்கள்.

தனிமையிலும் மௌனத்திலும் வாழும் கார்த்தூசியத் துறவியர் என்ற கத்தோலிக்கச் சபையினருக்காக 1325இல் கட்டத் தொடங்கிய மடம் அது. 1623 முதல் கோசிமோ ஃபன்சாகோ என்ற சிற்பி 30 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே உழைத்து அதற்குப் புது உருவம் கொடுத்தார். தேவாலயத்துக்குள் நுழைந்ததும் கண்ணை முதலில் இழுப்பது வண்ணப் பளிங்குகள்தான். சற்றுப் பொறுத்து விதானத்தை அண்ணாந்து பாருங்கள். ஓவியங்களுக்கு நடுவே, விதானத்தைத் தாங்கும் பழைய கூர்வளைவு வரம்புகள் விலா எலும்புகள் போல அப்படியே தெரியும். பதினேழாம் நூற்றாண்டின் ஆடம்பரத்துக்குள் பதினான்காம் நூற்றாண்டு உயிரோடு இருக்கிறது! பக்க வளைவுகளுக்கு மேலே ஸ்பானிய ஓவியர் ரிபேரா தீட்டிய தீர்க்கதரிசிகள் இருக்கிறார்கள். சுருக்கம் விழுந்த கிழவர்கள். தெருவில் பார்த்த முகங்கள் போலவே இருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பெரிய முற்றம். வெண் பளிங்குத் தூண்கள் நான்கு பக்கமும் நிற்க, ஒரு மூலையில் மட்டும் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் ஒரு சிறிய சதுரத்தை வளைத்திருக்கிறது. துறவியரின் இடுகாடு அது. அந்தச் சுவரின் மேல் பளிங்கு மண்டையோடுகளை வரிசையாக வைத்திருக்கிறார் ஃபன்சாகோ. கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொன்றையும் பொறுமையாகச் செதுக்கியிருக்கிறார். ஆனால் பயமே வராது. வெயிலும் புல்லும் அமைதியுமாக, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மடம் இப்போது அருங்காட்சியகம். மிக்கேலே குச்சினியெல்லோ வழங்கிய கிறிஸ்துமஸ் குடிலைத் தவறவிடாதீர்கள். சுடுமண் தலை, கண்ணாடிக் கண், மரத்தில் செதுக்கிய கைகால் என்று செய்த பொம்மைகள். இயேசு பிறந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சந்தைக் கூட்டம் சுற்றிலும்.

வில்லாக்களில் ஃபுளோரிதியானா ஒன்று போதும். நேப்பிள்ஸை ஆண்ட அரசர் ஃபெர்தினாந்து, முதல் மனைவி இறந்த சில மாதங்களுக்குள் 1814இல் லூச்சியா மிலியாச்சோவை மணந்தார். அரசிப் பட்டம் அவருக்குக் கிடையாது, ஃபுளோரிதியா சீமாட்டி என்ற பட்டம் மட்டும்தான். அவருக்காக வாங்கிக் கொடுத்த தோட்ட மாளிகையைக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ நிக்கோலீனி புதுப்பித்தார். உள்ளே இப்போது பீங்கான் அருங்காட்சியகம். பீங்கானில் நாட்டம் இல்லையென்றால் தோட்டத்தில் மட்டும் நடந்து, விரிகுடாவைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சதுக்கம் என்றால் வன்வித்தெல்லி. எண்கோண வடிவம். 1884இல் காலரா கீழ் நகரைச் சூறையாடிய பிறகு, 1885இல் இந்த மலையில் புது நகர்ப்பகுதி எழுப்பத் தொடங்கினார்கள். அதுவரை இங்கே பெரும்பாலும் தோட்டங்களும் வயல்களும்தான். சதுக்கத்தின் அடுக்குமாடிகளும் அந்த முயற்சியில் வந்தவை. மாலையில் குடும்பம் குடும்பமாக ஸ்கார்லாத்தி தெருவில் உலாவுவார்கள். காப்பி குடித்தபடி வேடிக்கை பார்க்க நல்ல இடம்.

இங்கிருந்து சற்றுத் தொலைவில் வேறொரு வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1943 செப்டம்பர் 27 முதல் 30 வரை, நகரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படையை நகர மக்களே எதிர்த்து எழுந்தார்கள். வோமெரோ விளையாட்டரங்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பிணைக்கைதிகளும் அந்தப் போராட்டத்தில்தான் விடுதலை ஆனார்கள். இன்று அங்கே பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு மனம் கனத்தது.

இறங்கும்போது ரயில் வேண்டாம். மடத்தின் வாசலுக்கு எதிரே பெதமெந்தீனா படிக்கட்டு தொடங்குகிறது, 414 படிகள். இறங்கும் முன் அருகிலுள்ள கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். நெருங்கிய கூரைகளை நேர்கோடாகக் கீறிக்கொண்டு ஒரு தெரு போகும். ஸ்பக்கா நாப்போலி, நேப்பிள்ஸைப் பிளப்பது என்று பொருள். கிரேக்கர் காலத்துத் தெருவின் தடம் அது. படிகளில் காய்கறித் தோட்டங்களையும் துணி காயும் கொடிகளையும் தாண்டி இறங்கினால் முக்கால் மணி நேரத்தில் அந்தக் கோட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பீர்கள். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், படிகள் தேய்ந்து போயிருக்கின்றன.