எந்தப் பெயர்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எங்கள் லுத்தரன் சபையில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மேலூர் பக்கம் ஒரு கிராமம். அடுத்த மாதம் மதுரையில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி முகாமுக்கு என்னை அனுப்புகிறார்கள். அதில் சமூக நீதி பற்றியும் ஓர் அமர்வு இருக்கிறது. ஆராதிக்கிற இடத்தில் அரசியல் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமைப் பண்பு பயிற்சியால் வருமா? என் பெயரை வெளியிட வேண்டாம். சபையில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு பெயர். வீண் சிக்கல்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முகாமுக்குப் போய் வாருங்கள். சாப்பாடு நன்றாக இருக்கும். கடைசி நாள் எல்லோரையும் நிற்கவைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். பயிற்சியால் தலைமைப் பண்பு வருமா என்பதை, ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் தூக்கத்தைக் கெடுத்தது உங்கள் கடைசி வரி. வீண் சிக்கலாமே!

என் அப்பா உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியர். உசிலம்பட்டிக்கு மேற்கே மூன்று கிராமங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. பட்டம் பெற்ற போதகரான ஐயர் மாதம் ஒருமுறை பஸ்ஸில் வந்து, அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பது, பிரசங்கம், சாவு வீட்டு ஜெபம் எல்லாம் அப்பாதான். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளைச் சேர்க்கவும் அவரே கூட்டிக்கொண்டு போவார். ஞானஸ்நானப் பதிவேட்டில் சாமுவேல் என்றிருப்பவன் பள்ளிக்கூடத்தில் முனியாண்டி. "வாத்தியார் கேட்டால் உன் பெயர் என்ன?" என்று வழியெல்லாம் கேட்டு, சொல்லவைத்துக்கொண்டே நடப்பார். நானும் அந்த வரிசையில் நடந்தவன்தான்.

அதே அப்பா சனிக்கிழமை மாலை எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக, பத்துக் கட்டளைகளில் நம் லுத்தரன் கணக்குப்படி எட்டாவது. அதற்கு லுத்தர் எழுதிய விளக்கத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு வருகிற நாளில் மட்டும் அவர் கொல்லைப்புறத்தில் வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருப்பார்.

அவரை அப்படிப் பொய் சொல்லவைத்தது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியில் சேரமாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி விட்டார்கள். கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. மதம் மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட மறுநாள் டீக்கடைக்காரர் டம்ளரை மாற்றிவிட்டாரா, தம்பி? ஆகஸ்ட் 10, அந்த ஆணை வந்த நாள். அதைத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். உங்கள் சபையில் அனுசரித்தார்களா, அல்லது சங்கச் செயலாளருக்கு அன்று வேறு வேலை இருந்ததா?

ஆராதிக்கிற இடத்தில் அரசியல் எதற்கு என்று கேட்கிற ஆள், தன் பெயரைச் சொல்லப் பயப்படுகிறார். அரசியல் உங்களுக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.

அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் சபைக்கு வசதியாகிவிடும். தரங்கம்பாடியில் 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். இதை எல்லா முகாமிலும் சொல்வார்கள். அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாய். சுவிசேஷத்தைத் தானே படித்து, தானே தேடி வந்தவர்; அடி வாங்கியும் ஊழியத்தை விடாதவர். அவருக்கும் பட்டம் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, பறையர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் வரமாட்டார்களே என்று மிஷனரிமார் தயங்கினார்கள். அவர் உபதேசியாராகவே இருந்து இறந்தார். தலைமைத்துவத்தைப் பற்றி மூன்று நாள் பேசப்போகிறவர்கள் இவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குவார்களா என்று கேளுங்கள்.

மதுரைக்கு வருகிறீர்கள் என்பதால் இன்னொன்று. அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பாடம் நடத்தினார். நாட்டுப்புற மெட்டை ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட வேண்டும் என்று பேசியவர். சபையின் பொது விருந்தான அசனத்தில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சரி, அது வேறு கதை.

அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர். கல்யாணத்துக்கு, வேலைக்கு, பென்ஷனுக்கு என்று வந்து நின்றவர்களுக்கு அதைப் பார்த்துத்தான், வெளியில் ஒரு சொல் கசியாமல், ஆகவேண்டியதைச் செய்துகொடுத்திருக்கிறார். அவரை ஒரு முகாமுக்கும் யாரும் அனுப்பியதில்லை.

முதல் நாள் காலையில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் பெயருக்கு ஒரு கோடுதான் இருக்கும். எதை எழுதினீர்கள் என்று எனக்கு ஒரு வரி போடுங்கள். வெளியிட மாட்டேன்.