அடுத்த முறை நீங்கள் வெளியே உட்காருங்கள்

கேள்வி: மகனுக்கு 16 வயது, எட்டு வருடமாக டைப் 1 சர்க்கரை. ஊசி போடுவது நானே, சர்க்கரை பார்ப்பது நானே, டாக்டரிடம் பேசுவதும் நானே. கல்லூரிக்கு விடுதியில் தங்கப் போகிறேன் என்கிறான். ஊசி போடும் இடம் கட்டியாக இருக்கிறது. பின்னால் கல்யாணம், குழந்தைக்குத் தடை வருமா? இன்சுலினை நிறுத்தும் மூலிகைப் பொடி ஒன்றை வீடியோவில் பார்த்தேன். கொடுக்கலாமா?

பதில்: பொடியைத் தொடாதீர்கள். அவன் உடலில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துவிட்டன. எந்தப் பொடியும் அவற்றைத் திரும்பக் கொண்டுவராது. 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்டவன் 14 வயதுப் பையன். அதற்கு முன்பு இந்தக் குழந்தைகளை அரைப்பட்டினி போட்டுத்தான் நாளைக் கடத்தினார்கள்.

கட்டி, ஒரே இடத்தில் குத்துவதால் வருவது. இடத்தை மாற்றுங்கள். புது இடத்தில் மருந்து நன்றாக ஏறும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். கல்யாணம், குழந்தைக்கெல்லாம் தடையில்லை.

சரி, மூன்று ‘நானே’வுக்கு வருவோம். உங்கள் பயம் அதில்தான் இருக்கிறது. “எத்தனை யூனிட் போடுகிறாய்?” என்று கேட்டால் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பையன்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். மீசை முளைத்திருக்கும்! அடுத்த முறை அவன் மட்டும் உள்ளே போகட்டும். இன்றிலிருந்து ஊசி அவன் கையில். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். அப்புறம், மருந்து தீருமுன் வாங்கி வைப்பதும் அவன் வேலை. விடுதியில் முதலில் கோட்டை விடுவது அதைத்தான். குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்கள் மருத்துவரிடம் மாறும் இடைவெளியில் பலர் சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். புது டாக்டரின் தேதியை வாங்கிக்கொண்டு பழையவரிடம் விடைபெறுங்கள்.

அவன் மறக்கவே கூடாதது ஒன்று: வாந்தி. “வாந்தி, சாப்பிடவில்லை, அதனால் ஊசி போடவில்லை” என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகள் நேராக ஐசியூவுக்குப் போகிறார்கள். சாப்பிடாவிட்டாலும் நாள் முழுக்க வேலை செய்யும் அந்த இன்சுலினை நிறுத்தக் கூடாது. சர்க்கரை 250-ஐத் தாண்டி, வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, மூச்சு ஆழமாக வாங்கி, வாயில் பழ வாடை அடித்தால் ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று படுக்கக் கூடாது, அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இதை அறைத் தோழன் ஒருவனிடமும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். வெட்கப்படுவான். பரவாயில்லை, சொல்லட்டும்.